வலப்பக்கத்து ஆள்

கையை விடுங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, வெளியே வரவில்லை. அப்பா என் மணிக்கட்டைத் தன் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், விரல் வளையத்துக்குள் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று. டாக்டர் ஜமீலாவின் கிளினிக்கில், சுவரோரமாகப் போட்டிருக்கும் நீள பெஞ்சில், இத்தனை பேர் பார்க்க. எதிரே மடியில் குழந்தையை வைத்திருக்கும் அக்கா பார்க்கிறாள். குழந்தையும் பார்க்கிறது. அவருக்கு இது பழக்கம். அவர் நடத்துகிற ஜிம்முக்குப் புதிதாக எவன் வந்தாலும் முதலில் மணிக்கட்டைத்தான் பிடிப்பார், எலும்பைத் தொட்டுப் பார்த்தே இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்லிவிடுவாராம். என் கையைத் தினமும் பிடிக்கிறார். என்ன தெரிந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, செருப்பு மாட்டும்போது, பைக்கில் சிக்னலுக்கு நிற்கும்போது கூடப் பின்னால் கையை விட்டுப் பிடிப்பார். ஏதோ கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பவர் மாதிரி. கையை இழுத்துக்கொண்டேன். "என்னல?" என்றார். "ஒண்ணும் இல்ல." ஒன்றும் இல்லையாம். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறேன். இத்தனை ஒன்றும் இல்லைகளும் எங்கே போய்ச் சேருகின்றன? நெஞ்சுக்கூட்டுக்குள்தான். அந்த எலும்புகளைத்தான் எல்லோரும் எண்ணிப் பார்க்கலாமே, வெளியிலிருந்தே தெரியும்.

அவர் அசைந்தால் பெஞ்ச் முழுக்க அசைகிறது. ஆறு பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் அவர் இருப்பதால் நாலு பேர். இறுக்கமான டீசர்ட், கையைக் கட்டினால் புஜம் தெறித்து வெளியே வரும், அதற்காகவே கையைக் கட்டியிருக்கிறார். வருகிறவன் போகிறவன் எல்லாம், "மாஸ்டர், நல்லா இருக்கியளா?" அம்பாசமுத்திரத்தில் பேச்சிமுத்து மாஸ்டரைத் தெரியாதவன் கிடையாது. இப்போதும் ஒருத்தர், காலில் கட்டுப் போட்டவர், நொண்டிக்கொண்டே வந்து நின்று என்னைப் பார்க்கிறார். "பையனா மாஸ்டர்? என்ன, வீட்ல சோறு போடுதது இல்லையா?" சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். உன் கால் கட்டை அவிழ்த்துப் பார்த்து நான் ஏதாவது கேட்டேனா? உன் வீட்டில் உனக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டேனா? குண்டாக இருப்பவனிடம் இப்படி முகத்துக்கு நேரே கேட்டால் அடிக்க வருவான். ஒல்லியாக இருப்பவனிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அது அன்பு, அக்கறை, விசாரிப்பு. அத்தை கேட்கலாம், கண்டக்டர் கேட்கலாம், முடி வெட்டுகிறவர் கழுத்து எலும்பைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அப்பா என்ன செய்தார் என்றால், அந்த ஆளோடு சேர்ந்து சிரித்தார். "எவ்வளவு தின்னாலும் ஒட்ட மாட்டேங்குதுய்யா" என்றார். அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். மூக்கால் ஆரம்பித்து, வாய்க்கு வந்து, கண்ணுக்குப் போகாமலேயே முடிந்துபோகும். போட்டோ எடுத்த அன்றைக்கும் அதேதான் சிரித்தார்.

அதை நினைக்கக் கூடாது. கிளினிக்கில் உட்கார்ந்து அதை நினைத்தால் மூச்சு ஏறும், மூச்சு ஏறினால் டாக்டரம்மா நெஞ்சில் ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்காதே. மீன் தொட்டியைப் பார். தொட்டியில் ஒரு மீன்தான் இருக்கிறது, அதுவும் ஒல்லி. போட்டோ ஜிம் கார்டுக்கு என்றுதான் சொன்னார். "சட்டையக் கழட்டு, கார்டுக்கு அப்படித்தான்." நான் நம்பினேன். அவர் சொல்வதை நம்புகிற வயது எனக்கு அன்றைக்கு வரைக்கும் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார், "மூச்ச வெளிய விடு, இன்னும் விடு" என்றார், மூச்சு முழுக்க வெளியே போனதும் எடுத்தார். மூச்சை ஏன் வெளியே விடச் சொன்னார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு, கூடப் படிக்கிற ஆன்டோவோடு நடந்து போகிறேன், பஸ் ஸ்டாண்டு முக்கு திரும்புகிறோம், அங்கே நான் நிற்கிறேன். ஆளுயர ஃப்ளெக்ஸில். இடப்பக்கம் நான், சட்டை இல்லாமல், விலா எலும்பெல்லாம் தெரிய, கை ரெண்டும் தொங்க, கண் பாதி மூடி. கீழே 'மாஸ்டரின் மகன் — இன்று' என்று சிவப்பு எழுத்து. வலப்பக்கம் ஓர் ஆள். முகம் கிடையாது, உடம்பு முழுக்கக் கறுப்பு, அகலத் தோள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி. அவன் காலுக்குக் கீழே 'ஆறு மாதத்தில்'. அடியில் ஜிம்மின் பெயரும் அப்பாவின் போன் நம்பரும். ஆன்டோ சிரித்திருந்தால் அவனை அடித்திருப்பேன், அதோடு போயிருக்கும். அவன் சிரிக்கவில்லை. அந்தப் பக்கமாக மாறி நடந்தான், எனக்கும் போர்டுக்கும் நடுவில். "வால, பெல் அடிச்சிருவாங்க" என்றான். அவன் அப்படி மாறி நடந்ததைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இன்று. பார், அந்த வார்த்தையை என்னால் மனசுக்குள் கூடச் சொல்ல முடியவில்லை. ப்ளஸ் ஒன் முழுக்க என் பெயர் அதுதான். இசக்கிராஜா என்று ஒருத்தன் அந்த வகுப்பில் கிடையாது. "டேய், இன்று வந்துட்டான்டா." "இன்று லீவுடா." தமிழ் அய்யா, "இன்று நாம் பார்க்கப்போவது" என்று ஆரம்பித்தால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் வரைக்கும் சிரிப்பு உருண்டு வரும். அவருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது, அவரும் பாவம் கூடச் சிரிப்பார்.

அம்மா அந்தப் பக்கம் போவதில்லை, அவளுக்குத் தெரியவே இல்லை. நான் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்ல? என் படம் தெருவில் நிற்கிறது என்று எந்த வார்த்தையால் ஆரம்பிப்பது? பூக்காரம்மாதான் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் காய் நறுக்குகிற கத்தியோடு அம்மா தெருவில் இறங்கினாள். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்களாம், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையாம். கயிற்றை அறுத்து, சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, கொல்லையில் போட்டு எரித்தாள். ஃப்ளெக்ஸ் எரிந்தால் அப்படி ஒரு நாற்றம் வரும் என்று எனக்குத் தெரியாது. அப்பா ஓடி வந்தார். "ஒனக்கு விளம்பரம்னா என்னன்னு தெரியுமா, ஆவுட?" அம்மா கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள், "அவன் ஒங்க பிள்ளையா, ஒங்க போர்டா?" என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து முட்டையைக் கூட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான். விடிந்ததும் முட்டை, முட்டைக்கு மேல் வாழைப்பழம், அதற்கு மேல் யாரோ கஸ்டமர் வாங்கிக் கொடுத்த சிங்கப் படம் போட்ட டின்னிலிருந்து புரோட்டீன் பவுடர், பாலில் கலக்கி, டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நிற்பார். "மடக் மடக்னு குடில." குடிக்கக் குடிக்க வயிறு கல்லாகும். பசி என்றால் என்னவென்றே மறந்துபோனது. நான் பசித்துச் சாப்பிட்டுப் பல வாரமாயிற்று, பசிக்க யாராவது எனக்கு நேரம் கொடுத்தால்தானே. கெமிஸ்ட்ரி பரீட்சையில் கேள்வித்தாள் மேலேயே வாந்தி எடுத்தேன். வகுப்பே மூக்கைப் பொத்தியது. அப்புறம்தான் அம்மா பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள். "நீங்க கூட்டிட்டுப் போங்க. ஊட்டுனவுக நீங்கதானே, நீங்களே போய்ச் சொல்லுங்க."

ஆனால் எனக்குள் இருக்கிற ஒன்றை நான் அம்மாவிடமும் சொன்னதில்லை, ஆன்டோவிடமும் சொன்னதில்லை. எனக்கு அந்த வலப்பக்கத்து ஆளாக வேண்டும். அதுதான் விஷயம். அதுதான் என் கோபத்துக்கெல்லாம் அடியில் கிடக்கிற கோபம். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல், ஈரத் தரையில் கையை ஊன்றித் தண்டால் எடுக்கிறேன். கை நடுங்கும், முகவாய் தரையில் இடிக்கும், எழுந்து கண்ணாடியில் பார்ப்பேன், புஜத்தில் எலுமிச்சம்பழ அளவுக்காவது ஏதாவது எழுகிறதா என்று. எழுந்த மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அதையேதான் அப்பாவும் ஆசைப்படுகிறார். அவர் ஆசைப்படுவதையே நானும் ஆசைப்படுகிறேன் என்பதை நினைத்தால் அந்தக் கண்ணாடியை உடைக்கலாம் போல வருகிறது. நான் தேறிவிட்டால் அவர் சொன்னது பலித்ததாக ஆகிவிடும். தெருவில் மார்தட்டுவார், "பாத்தீங்களா, சொன்னேம்லா" என்பார், இன்னொரு போர்டு வைப்பார், இந்தத் தடவை கேள்விக்குறி இருந்த இடத்தில் என் முகம். தேறாவிட்டால் சாகும்வரை நான் இன்று. எந்தப் பக்கம் போனாலும் அந்த ஃப்ளெக்ஸுக்குள்தான் நிற்கிறேன். அம்மா எரித்தது பிளாஸ்டிக்கைத்தான். என் உடம்பு எனக்கு வேண்டும். அவர் ஜிம்முக்காக இல்லை, கால் கட்டுக்காரர் வாயை அடைக்க இல்லை, எனக்கு, எனக்கு மட்டும். அப்படி ஒரு உடம்பு எங்கே கிடைக்கும்? டாக்டரம்மா ஏதாவது நோய் என்று சொன்னால்? சொல்லட்டும். நோய் என்றால் மாத்திரை உண்டு. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால்தான் பயம். ஒன்றும் இல்லை என்றால் இதுதான் நான் என்று அர்த்தம்.

"இசக்கிராஜா யாரு? வாங்க, வெயிட் பாக்கணும்." நர்ஸ் கூப்பிடுகிறாள். மெஷினைக் கொண்டுபோய் ஹாலின் நடுவில் வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. ஏறினேன். அப்பாவும் எழுந்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார். நர்ஸ் உள்ளே இருக்கிற இன்னொரு நர்ஸுக்குக் கேட்கும்படி அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். எதிரே இருந்த அக்கா, கால் கட்டுக்காரர், குழந்தை, எல்லோர் காதிலும் விழுந்தது. அதை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். அப்பா "ச்ச்" என்றார். மெதுவாகத்தான், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சின்னச் சத்தம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

உள்ளே டாக்டர் ஜமீலா, காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் சீட்டைப் புரட்டிக்கொண்டே, "பசிக்குதாப்பா?" என்று என்னைக் கேட்டார். "பசியே கெடையாது மேடம், நாமதான் ஊட்டணும்" என்றார் அப்பா. "தூக்கம்?" "அதெல்லாம் நல்லாத் தூங்குதான்." டாக்டர் சீட்டை மேசையில் வைத்தார். "நான் அவன்ட்டக் கேக்கேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க." அப்பாவை யாரும் வெளியே போகச் சொல்லி நான் பார்த்ததில்லை. எழுந்தார், என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், அந்தப் பெரிய உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் கதவு வழியாகப் போனார். சந்தோஷமாக இருந்தது. உடனே எனக்கு என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. "சட்டையக் கழட்டிட்டுப் படு" என்றார் டாக்டர். முதல் பட்டனில் கை வைத்தேன். விரல் அசையவில்லை. மூச்ச வெளிய விடு, இன்னும் விடு. ஜன்னல் திரை சரியாக மூடியிருக்கிறதா, அந்த மேசை மேல் இருக்கிற செல்போன் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, இதெல்லாம் என் கண் பார்க்கிறது. கழட்டுடா, டாக்டர்டா, அவங்க வேலைடா. கை கீழே இறங்கிவிட்டது. "முடியாது" என்றேன். கத்திவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் போர்டை அவரும் பார்த்திருப்பாரா? இந்த ஊரில் பார்க்காதவர் யார்? "சரி, சட்டையோடயே பாக்கேன்" என்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

நோய் ஒன்றும் இல்லையாம். வயிறு கெட்டது பவுடராலும், பசிக்காமல் திணித்ததாலும். "போன வருஷத்து பேண்ட் இப்ப சேருதா?" என்று கேட்டார். கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்றேன். "அவ்வளவுதான். மொதல்ல நீளமாப் போகுது, அகலம் பெறவு வரும்." எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. எல்லோரும் என் உடம்பைப் பற்றி வானிலை சொல்வது மாதிரியே சொல்கிறார்கள், வரும், போகும், காத்திரு. "எனக்கு வெயிட் ஏறணும். சதை வைக்கணும்" என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அப்பாவுக்குத் தெரியாம." டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஏறுனா வெளிய தெரியுமேப்பா." பிறகு சாதாரணமாக, காய்கறிக்கடையில் நின்று பேசுவது மாதிரிப் பேசினார். பசித்தால் சாப்பிடணும், பசியைத் தள்ளிப்போடக் கூடாது, சாப்பாட்டுக்கு நடுவில் நிலக்கடலையோ சுண்டலோ பழமோ ஏதாவது, பாலும் முட்டையும் பருப்பும் அளவாக, நல்ல தூக்கம். எடை தூக்கலாம், ஆனால் சரியாகத் தூக்கக் கற்றுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். "ஆறு மாசத்துல ஆள் மாறணும்னு நெனச்சா ஒண்ணும் நடக்காது. மெதுவாத்தான் ஏறும், ஆனா ஏறுனது இருக்கும்." அப்பாவை உள்ளே கூப்பிட்டு, பவுடரும் ஊட்டுவதும் இனிமேல் கூடாது என்றார். "நாங்கல்லாம் இப்படித்தான் மேடம் ஏத்துனோம்." "நீங்க ஏத்துனீங்க. இவன் வேற ஆளு." அப்பாவின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது எனக்குள் என்னவோ செய்தது. தலை லேசாகச் சுற்றியது, வயிற்றுக்குள் ஏதோ சுருண்டு இழுத்தது. மறுபடி வாந்தியோ என்று பயந்துபோனேன். வாந்தி இல்லை. பசி. காலையிலிருந்து, டெஸ்டுக்காக வெறும் வயிறு, டம்ளரை யாரும் நீட்டவில்லை. இத்தனை வாரம் கழித்துப் பசிக்கிறது, கோபத்தோடு பசிக்கிறது. "சாப்பிட்டுட்டுப் போவோம்" என்று நானே சொன்னேன். அப்பா திகைத்துப்போய்ப் பார்த்தார். ஆற்றுப்பாலம் போகிற வழியில் இருக்கும் ஹோட்டலில் உட்கார்ந்ததும் சர்வரிடம் கையைத் தூக்கி, "தம்பிக்கு நாலு ஆம்லெட்டு, அப்பறம்..." என்று ஆரம்பித்தார். "எனக்கு ரெண்டு தோசை, ஒரு ஆம்லெட்" என்றேன் சர்வரைப் பார்த்து. "நான் தின்னுறத நான் சொல்லுதேன்." சர்வர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். அப்பா தண்ணீரை இலையில் தெளித்துத் துடைத்தார், துடைத்த இலையையே திரும்பத் துடைத்தார். "டாக்டர் சொன்னதுக்காகக் கோவமால?" என்றார். அப்போதுதான் அது வந்தது. அத்தனை நாள் எந்த வார்த்தையால் ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தது, ஹோட்டலில், சாம்பார் வாளிச் சத்தத்துக்கு நடுவில், தானாக வந்தது. "அந்த போர்ட வச்சதுக்கு நீங்க இன்னும் ஒரு வார்த்த சொல்லல." "அதான் அம்மா எரிச்சிட்டாள்ல." "எரிச்சது அம்மா. வச்சது நீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார், பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டே. "ஒனக்குத் தெரியாதுல. ஜிம்முக்கு வாரவன் பூரா கேக்கான், ஒம்ம பிள்ளைய ஏத்த முடியல, எங்கள என்னத்த ஏத்தப் போறீருன்னு. அவனுவ வாய அடைக்கத்தான்..." "அவனுவ வாய அடைக்க என் சட்டையக் கழட்டுனீங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன், அந்தச் சிரிப்பு வருமா, மூக்கில் ஆரம்பிக்குமா என்று. வந்தால் எழுந்து போய்விடுவது என்று இருந்தேன், நடந்தே வீட்டுக்குப் போவது என்று. வரவில்லை. தோள் ரெண்டும் இறங்கிப்போய் டீசர்ட் முதல் தடவையாக அவருக்குத் தொளதொளவென்று இருப்பது மாதிரித் தெரிந்தது. "பள்ளிக்கூடத்துல எதும் சொன்னானுவளா?" என்றார், மிகவும் மெதுவாக. எரித்து முடித்து, வாந்தி எடுத்து, டாக்டரிடம் போய்வந்த பிறகு கேட்கிறார். இதை அன்றைக்கே கேட்டிருந்தால் அழுதிருப்பேன், மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். இப்போது சொல்லத் தோன்றவில்லை. "எம் பேரு அங்க வேற" என்றேன். "என்ன பேரு?" சொல்லவில்லை. அவரே கண்டுபிடிக்கட்டும். அவர் எழுதின போர்டுதானே, அதில் இருந்த வார்த்தைகள் கொஞ்சம்தானே. அவர் கண் இலைமேல் அசையாமல் நின்றது, உதடு மட்டும் லேசாக அசைந்தது, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு உதடும் நின்றுவிட்டது. எனக்கும் அவருக்கும் தோசை வந்தது. சாப்பிட்டேன். சூட்டில் விரல் பொசுங்கியது, பொசுங்கட்டும் என்று பிய்த்துப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துத் தின்றேன். ஆம்லெட்டில் மிளகு நிறையப் போட்டிருந்தான், நன்றாக இருந்தது. முட்டை நன்றாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. "மெதுவாத் தின்னு" என்று அப்பா சொல்லவில்லை, "இன்னொண்ணு சொல்லட்டா" என்றும் சொல்லவில்லை, தன் இலையில் இருந்ததையும் தொடவில்லை. ரெண்டாவது தோசையில் ஓரத்துத் துண்டு ஒன்று மிச்சம் இருக்கும்போது போதும் என்று தோன்றியது. நிறுத்தினேன். அந்தத் துண்டை அவர் பார்த்தார். கழுத்து நரம்பு அசைந்தது, வாய் "சாப்பிடு" என்று சொல்லத் திறந்தது, கை என் இலைப்பக்கம் பாதி தூரம் வந்தது. அந்தக் கையை அவரே திருப்பி எடுத்துக்கொண்டு டம்ளரைப் பிடித்தார், தண்ணீர் குடித்தார். எனக்கு வயிறு நிறைந்திருந்தது. கோபம் அப்படியே இருந்தது. எழுந்து கை கழுவப் போனேன்.